மதுச்சாலையும் தருமச்சாலையும்

தனியாகப் பிரயாணம் செய்கிறவனுக்குப் பகல் பொழுதைப் பற்றிக் கவலை கிடையாது. கோயில் இருக்கிறது; குளம் இருக்கிறது; கடைத்தெரு இருக்கிறது. ஒன்றும் இல்லாவிட்டால், பஸ் நிலையத்தில் ஜன்னலோர ஆசனத்துக்காகச் சண்டை போடும் இருவரை வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தாலே ஒரு மணி நேரம் போய்விடும். தொல்லையெல்லாம் விளக்கு வைத்த பிறகுதான் ஆரம்பமாகிறது. கோயில் நடை சாத்திவிடுகிறார்கள். கடைக்காரர்கள் கதவை இறக்குகிறார்கள். விடுதி அறைக்குத் திரும்பினால் நாலு சுவர்களும் ஒரு மின்சார விசிறியும் நம்மை உற்றுப் பார்க்கின்றன. இன்று முழுவதும் யாருடன் பேசினோம் என்று யோசித்தால், டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டரைத் தவிர வேறு ஒருவர் முகமும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

அந்த வேளையில் ஊரிலே ஒரே ஓர் இடத்தில் மட்டும் வெளிச்சம் தெரியும். பேச்சும் சிரிப்பும் கேட்கும். வாசலில் "பார்" என்று பலகை தொங்கும். "பார், பார்!" என்று அது நம்மை அழைப்பது போலவே இருக்கும்.

குடிப்பழக்கம் இல்லாதவன் அங்கே போகலாமா? போனால் எப்படி உட்காருவது? போகாவிட்டால் வேறு எங்கேதான் போவது? இந்த மூன்று கேள்விகளும் சென்ற முறை நான் வடலூர்ப் பக்கம் போயிருந்தபோது என்னைப் பிடித்துக் கொண்டன. யோசித்துப் பார்த்தால், இந்த விசாரணைக்கு அதைக் காட்டிலும் பொருத்தமான பிரதேசம் தமிழ்நாட்டில் கிடையாது என்றே தோன்றுகிறது.

இரண்டு நெருப்புகள்

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையும், பண்ணுருட்டியிலிருந்து கும்பகோணம் போகும் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் நாற்சந்தியில் இருக்கிறது வடலூர். சுற்றிலும் செம்மண் பூமி. முந்திரித் தோப்பும் பலா மரமும் கண்ணுக்கு நிறைந்திருக்கும். பக்கத்திலேயே நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலச்சுவான்தார் தமது நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பான ஒரு பொருள் வெளிப்பட்டது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் அதற்காக ஸர்க்கார் கம்பெனி ஒன்று ஏற்பட்டது. 1957 மே மாதம் பண்டித நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கி வைத்தார். 1961-ல் நிலக்கரிப் படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் ருஷ்ய தேசத்தின் உதவியுடன் அமைந்த அனல் நிலையம் மின்சாரம் தர ஆரம்பித்தது. அந்த முதல் நிலையம் உழைத்து உழைத்து 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. அதன் பின்னால் பிறந்த நிலையங்கள் இப்போது எரிந்து கொண்டிருக்கின்றன.

வடலூரில் எரியும் நெருப்போ இதைவிட மூத்தது. 1823-ம் வருஷம் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த இராமலிங்க சுவாமிகள், 1867 மே 23-ந் தேதியன்று இங்கே சத்திய தருமச்சாலையைத் துவக்கி அடுப்பை மூட்டினார். அதற்கு முந்திய வருஷந்தான் சென்னை ராஜதானியின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியிருந்தது. பக்கத்துப் பார்வதிபுரத்து ஜனங்கள் மனமுவந்து 80 காணி நிலம் எழுதிக் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அதனால் அதற்கு "அணையா அடுப்பு" என்றே பெயர் வழங்குகிறது.

ஆக, ஒரு பக்கம் ஊருக்கெல்லாம் விளக்கேற்றும் நெருப்பு; இன்னொரு பக்கம் பசித்தவன் வயிற்றுக்குச் சோறு வடிக்கும் நெருப்பு. இரண்டுக்கும் நடுவில், தொண்டையைச் சுடுகிற மூன்றாவது நெருப்பு ஒன்றும் இருக்கிறது. அதையும் பார்த்துவிடுவோம்.

எலுமிச்சம்பழ சோடா

நெய்வேலியை ஒட்டிய ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். பெயர் வேண்டாம், அது மற்ற விடுதிகளைப் போலத்தான் இருந்தது. அடுத்த அறையில் இருந்தவர், சுரங்க யந்திரங்களுக்கு உதிரிப் பாகங்கள் விற்கும் கம்பெனி ஒன்றின் பிரதிநிதி. மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராகச் சுற்றுகிறவர். இரவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டினார்.

"என்ன சார், தனியா உக்காந்துக்கிட்டு? கீழே வாங்க, பேசிக்கிட்டு இருக்கலாம்" என்றார்.

"கீழே" என்றால் விடுதியைச் சேர்ந்த மதுச்சாலை. போனேன். மங்கலான வெளிச்சம். மேஜைக்கு மேஜை சுண்டலும், அவித்த முட்டையும், வறுத்த முந்திரியும் கிண்ணங்களில் இருந்தன. எங்கள் மேஜையில் ஏற்கெனவே இருவர் இருந்தார்கள். ஒருவர் சுரங்கத்தில் ஒப்பந்த வேலைக்காரர்களை மேற்பார்வை பார்க்கும் வாலிபர். மற்றவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்.

"சார் என்ன சாப்பிடுறீங்க?"

"எலுமிச்சம்பழ சோடா, உப்புப் போட்டு."

"அது சரி, அதோட?"

"அதோட சுண்டல்."

மூவரும் சிரித்தார்கள். பிறகு குறுக்கு விசாரணை ஆரம்பமாயிற்று. "டாக்டர் வேண்டாம்னுட்டாரா?" என்றார் ஒருவர். இல்லை என்றேன். "மாலை போட்டிருக்கீங்களா?" என்றார் இன்னொருவர். அதுவும் இல்லை என்றேன். "அப்போ வீட்டுல பயமோ?" என்றார் பெரியவர்.

நமது சமூகத்தில் குடியாமலிருப்பதற்கு மூன்று காரணங்களைத்தான் ஒப்புக்கொள்கிறார்கள் என்று அப்போது தெரிந்துகொண்டேன். ஒன்று வியாதி, இரண்டு ஐயப்பன், மூன்று மனைவி. "பழக்கமில்லை, விருப்பமும் இல்லை" என்று ஒருவன் சொன்னால், ஏதோ மறைக்கிறான் என்று நினைக்கிறார்கள். நானும் அதையே சொன்னேன். ஒரு தடவை சொல்லி நிறுத்திக்கொண்டேன். ஐந்து நிமிஷத்தில் அவர்களுக்கு அந்த விஷயமே மறந்துபோயிற்று. பேச்சு மழையைப் பற்றியும் முந்திரி விலையைப் பற்றியும் திரும்பியது.

சற்று நேரம் கழித்து அந்தப் பெரியவர் சொன்ன ஒரு வார்த்தைதான் என் மனதில் தைத்தது.

"எனக்கும் இது ருசிங்கிறதுக்காக இல்லீங்க. பொண்ணு ஒரு ஊர்ல, பையன் ஒரு ஊர்ல. வீட்டுக்காரி போயி நாலு வருஷம் ஆச்சு. வீட்டுல சுவரைத்தான் பாக்கணும். இங்க வந்தா நாலு மனுசாள் முகம் பாக்கலாம். சும்மா உக்கார விடுவானா? ஒண்ணு வாங்கி முன்னால வச்சாத்தான் உக்கார விடுவான்."

எனக்குத் திடுக்கென்றது. அவர் முன்னால் இருந்த குப்பியின் விலை மதுவின் விலையே அல்ல. அது நாற்காலிக்குக் கொடுத்த வாடகை! மனுஷ்ய சகவாசத்துக்குத் தினந்தோறும் அந்த வாடகையைக் கட்டி, அத்துடன் கூட ஈரலையும் கொடுத்துக் கொண்டிருந்தார்.

பாரிஸ்டருக்குப் படித்தவர்

குடிக்கிறவர்கள் நடுவே குடியாமல் உட்கார்ந்த மனிதர்களில் உலகப் பிரசித்தி பெற்றவர் ஒருவர் உண்டு. 1888-ம் வருஷம் செப்டம்பர் மாதம் பம்பாயில் கப்பலேறியபோது மோகன்தாஸ் காந்திக்கு வயது பதினெட்டு. மதுவையும் மாமிசத்தையும் மாதரையும் தொடுவதில்லை என்று தாயாரிடம் பிரமாணம் செய்து கொடுத்துவிட்டுப் புறப்பட்டார். லண்டனில் பாரிஸ்டருக்குப் படிப்பதென்றால் பரீட்சையில் தேறினால் மட்டும் போதாது. அந்தச் சங்கத்தில் ஒவ்வொரு பருவத்திலும் குறிப்பிட்ட எண்ணிக்கை விருந்துகளில் கலந்துகொள்ள வேண்டும். விருந்தில் நால்வருக்கு இரண்டு புட்டி திராட்சை மது என்பது கணக்கு.

இவர் குடிப்பதில்லை என்று தெரிந்ததும் என்ன நடந்தது தெரியுமா? ஒருவரும் இவரை ஒதுக்கவில்லை. இவரைத் தங்கள் நால்வரில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள மற்ற மாணவர்கள் போட்டி போட்டார்கள்! இவர் பங்கும் சேர்ந்து மூவருக்கு இரண்டு புட்டி கிடைக்குமல்லவா? மகாத்மாவே தமது சுயசரிதத்தில் இதை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். 1891 ஜூன் மாதம் அவர் பாரிஸ்டர் பட்டத்துடன் வெளியே வந்தார். பிரமாணம் பத்திரமாக இருந்தது.

இதிலிருந்து தெரிகிறது என்னவென்றால், குடியாதவனைக் கண்டு குடிக்கிறவர்கள் வெறுப்பதில்லை. அவன் உபதேசம் செய்ய ஆரம்பித்தால்தான் வெறுக்கிறார்கள்.

ஒரு ஷில்லிங் உல்லாசப் பிரயாணம்

இங்கிலாந்தில் மதுச்சாலைக்கு "பப்ளிக் ஹவுஸ்", அதாவது பொது வீடு என்றே பெயர். பெயரிலேயே அதன் பலம் இருக்கிறது. குளிர்காலத்தில் நெருப்பும் நாற்காலியும் நாலு பேர் பேச்சும் ஏழைத் தொழிலாளிக்கு அங்கேதான் கிடைத்தன. 1832-ல் பிரெஸ்டன் நகரில் ஜோஸப் லிவ்ஸீயும் இன்னும் ஆறு பேரும் மதுவை அறவே தொடுவதில்லை என்று கையெழுத்திட்டார்கள். அந்த இயக்கம் வளர்ந்தபோது ஒரு சங்கடம் வந்து சேர்ந்தது. குடியை விட்டவன் மாலையில் எங்கே போவான்? அதற்காகவே மதுவில்லாத ஹோட்டல்களும், காப்பிச் சாலைகளும், மூலிகைப் பானம் விற்கும் கடைகளும் பல ஊர்களில் தோன்றின. லங்காஷயரில் ராட்டன்ஸ்டால் என்னும் ஊரில் 1890-ல் ஏற்பட்ட அத்தகைய கடை ஒன்று நூறு வருஷத்துக்கு மேலாகியும் பெயர் பெற்று விளங்குகிறது.

இன்னும் ஓர் ஆச்சரியம். உலகமெங்கும் உல்லாசப் பிரயாணிகளை அழைத்துச் சென்ற தாமஸ் குக்கின் வியாபாரம் எதில் தொடங்கியது? மதுவிலக்குப் பிரசாரத்தில்! 1841 ஜூலை 5-ந் தேதி அவர் சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லபரோவுக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். கட்டணம் ஒரு ஷில்லிங். போன காரியம் மதுவிலக்குக் கூட்டம். குடிக்குப் பதிலாக வேறு ஏதாவது சந்தோஷத்தை ஜனங்களுக்குக் காட்ட வேண்டும் என்று அவர் நினைத்ததிலிருந்துதான் இன்றைய சுற்றுலாத் தொழிலே முளைத்தது. ஆகையால் எலுமிச்சம்பழ சோடாக் குடிக்கும் பிரயாணி தலை குனிய வேண்டியதில்லை. அவன்தான் இந்தத் தொழிலின் பூர்வீக வாடிக்கைக்காரன்.

நம் நாட்டிலும் இதை அறிந்தவர்கள் இருந்தார்கள். 1929-ல் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே "விமோசனம்" என்ற பத்திரிகையை நடத்தினார். கல்கி கிருஷ்ணமூர்த்தி அதில் துணையாக இருந்தார். 1937 அக்டோபர் 1-ந் தேதி அவருடைய மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது, கடைகளை மூடியதோடு விட்டுவிடவில்லை. மாலை வேளைகளில் தேநீர்க் கடை, பஜனை, விளையாட்டு என்று வேறு கூட்டங்களுக்கும் ஏற்பாடு நடந்தது. நாற்காலியை எடுத்தால் வேறு நாற்காலி போட வேண்டும் என்ற விவேகம் அது.

பிற்பாடு நடந்தது நேயர்கள் அறிந்ததே. 1948-ல் மதுவிலக்கு ராஜதானி முழுவதுக்கும் வந்தது; 1971-ல் நீங்கியது; 1974-ல் திரும்பியது; மறுபடியும் தளர்ந்தது. 1983-ல் ஏற்பட்ட டாஸ்மாக் என்ற ஸர்க்கார் ஸ்தாபனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே எடுத்துக்கொண்டது. இப்போது பகல் பன்னிரண்டு மணி முதல் இரவு பத்து மணி வரை கடை திறந்திருக்கிறது. தேநீரும் பஜனையும் எப்போது மறைந்தன என்று யாரும் கவனிக்கவில்லை.

சில யோசனைகள்

தொழில் நிமித்தமாகவோ, சிநேகிதர் பொருட்டோ, அல்லது வெறும் தனிமை தாங்காமலோ அத்தகைய மேஜையில் உட்கார நேர்கிறவர்களுக்குச் சில யோசனைகள் சொல்லலாம். வேண்டாம் என்பதை ஒரு தடவை சொல்லுங்கள், காரணம் நீட்டாதீர்கள். பொய்க் காரணம் சொல்லவே வேண்டாம். இல்லாத வியாதிக்கு மருந்து சொல்ல அங்கே பத்துப் பேர் இருப்பார்கள். உங்கள் முன்னால் ஏதாவது ஒரு பானம் இருக்கட்டும். வெறுங்கையோடு இருக்கிறவனைத்தான் மற்றவர்கள் வற்புறுத்துகிறார்கள். சுண்டலுக்கும் சோடாவுக்கும் உங்கள் பங்கை முதலிலேயே கொடுத்துவிடுங்கள். புட்டிக் கணக்கில் சேராதீர்கள். பேச்சு நன்றாயிருக்கும்போதே எழுந்து விடுங்கள். ஒரே கதை மூன்றாம் முறை வருகிறதென்றால் நேரமாகிவிட்டது என்று அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, குடித்தவர் ஓட்டும் வண்டியில் ஏறாதீர்கள்; முடிந்தால் அவரையும் ஏற விடாதீர்கள். அந்த மேஜையில் தெளிவாயிருக்கிறவன் ஒருவனே என்றால், அவனுக்கு அந்த ஒரு கடமை உண்டு.

இதெல்லாம் ஆண்பிள்ளைகளுக்குச் சொன்னது. தனியாகப் பிரயாணம் செய்யும் ஒரு ஸ்திரீயின் கதி என்ன? இப்போது உத்தியோக நிமித்தம் பெண்கள் எத்தனையோ ஊர்களுக்குத் தனியே போகிறார்கள். நமது சிறு பட்டணங்களில் அவர்கள் அந்தப் பலகையின் கீழ் நுழைய முடியுமா? குடியாதவனுக்காவது சோடா கிடைக்கிறது. அவர்களுக்குச் சுவர் ஒன்றுதான் கிடைக்கிறது. "பொது" என்று சொல்லப்படும் இடம் பாதி ஜனங்களுக்கு மூடியிருந்தால் அதைப் பொது இடம் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி கேட்காத பந்தி

மறுநாள் வடலூருக்குப் போனேன். முதலில் சத்திய ஞான சபையைப் பார்த்தேன். எட்டுப் பட்டையாக அமைந்த அழகான கட்டடம். 1872-ம் வருஷத்துத் தைப்பூசத்தில் அங்கே ஜோதி தரிசனம் ஆரம்பமாயிற்று. ஏழு திரைகள் விலக ஜோதியைக் காண்பதற்குத் தைப்பூசத்தன்று லட்சக்கணக்கில் ஜனங்கள் கூடுகிறார்கள். சபைக்குள் புகுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கொலையையும் புலாலையும் விட்டவர்களே உள்ளே வரலாம் என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தருமச்சாலைக்கு அத்தகைய நிபந்தனை எதுவும் கிடையாது. அதுதான் விசேஷம். புலாலை விட்டவர்களைத் தம்முடைய உள் இனம் என்றும் விடாதவர்களைப் புற இனம் என்றும் பிரித்த சுவாமிகள், பசி என்று வந்துவிட்டால் புற இனத்தாருக்கும் அன்னமிட வேண்டும் என்று விதித்துவிட்டார். வழிபாட்டுக்கு ஒழுக்கம் வேண்டும். சோற்றுக்குப் பசி ஒன்றே போதும்.

பந்தியில் உட்கார்ந்தேன். எனக்கு இடது புறம் தனியாக வந்திருந்த ஒரு மூதாட்டி. வலது புறம் ஒரு வாலிபன். முதல் நாள் இரவின் வாடை அவனிடமிருந்து இன்னும் போகவில்லை. பரிமாறுகிறவர் வந்தார். எனக்கு எவ்வளவு சாதமோ அவனுக்கும் அவ்வளவு சாதம். எந்த ஊர், என்ன ஜாதி, ஏன் குடித்தாய் என்று ஒரு கேள்வி இல்லை. எனக்கும், ஏன் குடிக்கவில்லை என்ற கேள்வி இல்லை!

"தம்பி, ரசம் வாங்கிக்கப்பா, வயித்துக்கு நல்லது" என்றாள் அந்த மூதாட்டி, என்னைத் தாண்டி அவனைப் பார்த்து. அவன் தலை குனிந்தபடி இலையைக் காட்டினான். பிறகு, "எந்த ஊரு ஆத்தா?" என்று கேட்டான். அவள் சொன்னாள். எங்கள் மூவருக்கும் பேச்சு ஆரம்பமாயிற்று. வெளியே வந்தும் பெருவெளியில் ஒரு மரத்தடியில் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு காசு வாடகை யாரும் கேட்கவில்லை.

தைப்பூசத்தன்று வள்ளலார் நினைவு நாள் என்று தமிழ்நாட்டின் மதுக்கடைகள் அனைத்தையும் ஸர்க்கார் மூடி வைக்கிறது. 4,000-க்கு மேற்பட்ட கடைகளுக்கு ஒரு நாள் பூட்டு! நல்ல மரியாதைதான். ஆனால் சுவாமிகள் வடலூரில் செய்த காரியம் எதையும் பூட்டியது அல்லவே. அவர் ஒரு கதவைத் திறந்து வைத்தார்; அதுவும் எல்லா நாளைக்கும் திறந்து வைத்தார்.

ஊருக்கு ஒரு தருமச்சாலை கட்ட நம்மால் முடியாமலிருக்கலாம். ஊருக்கு ஒரு கூடம் முடியாதா? இரவு பத்து மணி வரை விளக்கெரியும் ஒரு வாசகசாலை, நாலு பெஞ்சு, இரண்டு சதுரங்கப் பலகை, பக்கத்தில் ஒரு காப்பிக் கடை. ஆண், பெண், உள்ளூரார், வழிப்போக்கர் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ஒன்றும் வாங்காமலே உட்காரலாம். நெய்வேலி நெருப்பிலிருந்து அதற்கு வேண்டிய வெளிச்சம் தாராளமாகக் கிடைக்கும். அப்படி ஒரு கூடம் திறக்கிற ஊரில், வீட்டுச் சுவரைப் பார்க்க அஞ்சும் அந்தப் பெரியவர் முதல் ஆளாக வந்து நாற்காலி பிடித்துக்கொள்வார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.